அங்கமுத்து மண்டோரும் சிவப்புக் கோடுகளும்

அங்கமுத்துவுக்குச் சந்தேகம் பிறவிக் குணமல்ல, சம்பளம் வாங்கிப் பழகியது. மலேசியாவில் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷம் வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோராக இருந்தவர். மேலே பழுத்த குலையை அடுக்கி அடியில் காயை ஒளிக்கும் ஆளை நடையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அந்தக் கண்ணைத் தோட்டத்திலேயே ஒப்படைத்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

வலது கை நடுங்க ஆரம்பித்து மூன்று வருஷம். டாக்டர் பார்க்கின்சன் என்றார். இவரோ யார் கண் பட்டது என்று யோசித்தார். மாத்திரையைச் சோறு, கோழிக்கறியோடு விழுங்கிவிட்டு, அது வேலை செய்யவில்லை என்றதும், மாத்திரையை மாற்றிவிட்டதாக மனைவி சின்னத்தாய்மேல் பாய்ந்தார். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும் என்று டாக்டரே சொன்ன பிறகு வாய் மூடியது, சந்தேகம் மூடவில்லை.

இப்போது புதுத் தொல்லை. வாசல் வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னே போகும், கால் வராது. படுக்கையறை வாசலில் இரண்டு முறை விழுந்தாயிற்று. இன்னொரு முறை விழுந்து இடுப்பெலும்பு போனால் அப்புறம் படுக்கைதான் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

ஒரு காலை எழுந்து பார்த்தால், அந்த வாசலில் குறுக்காக ஐந்து சிவப்புக் கோடுகள். நேற்றுத்தான் சின்னத்தாய் ராசா ஊரில் இருக்கும் தன் அக்காவோடு போனில் குசுகுசுவென்று பேசினாள். அந்த அக்கா எலுமிச்சம்பழமும் கையுமாகச் சாமியாடியிடம் அலைகிறவள். அவள் பேச்சைக் கேட்டு மந்திரக் கட்டுப் போட்டுவிட்டாள் படுபாவி. மிதித்தால் தொலைந்தோம்.

சிறுநீர் முட்டியது, வேறு வழியில்லை. முதல் கோட்டில் படாமல் காலை உயரத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். பிறகு அடுத்தது. ஐந்தையும் தாண்டி வெளியே வந்த பிறகுதான் உறைத்தது, கால் ஒட்டவே இல்லை.

சமையலறையிலிருந்து சின்னத்தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் சிவப்பு டேப்.

"என்னாடி செஞ்ச?"

"ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க. கோட்டப் பாத்துத் தாண்டுனா காலு வருமாம்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்னா?"

"சொல்லியிருந்தா நம்பியா இருப்பீங்க? வீட்டுல வெள்ள டேப்பு இருந்துச்சு. நீங்க மிதிக்கப் பயப்படணும்னுதான் செவப்பு வாங்குனேன்."

அங்கமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷமும் தான் இவளைக் கண்காணித்ததாக நினைத்தது தப்பு, தன்னைக் கண்காணித்து அறிந்து வைத்திருந்தது இவள்தான். நடுங்கும் கையால் குளியலறை வாசலைக் காட்டினார்.

"அங்கயும் ஒட்டு. கோணாம ஒட்டு லா."