தாசில்தாரின் கறுப்புக் கல்

கடைசியாக நானும் நைனாவும் சேர்ந்து செய்த வேலை, மீன் தொட்டியில் மூன்று சொம்பு கிணற்றுத் தண்ணீர் ஊற்றியது. 1960 மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருப்பதியில் நைனா அட்டெண்டராக இருந்த காலேஜின் விலங்கியல் லேப். லீவு நாள், எங்களைத் தவிர யாரும் இல்லை. நான் ஊற்றினேன். அவர் குனிந்து, தண்ணீரில் மிதந்த கண்ணாடிக் குழாயின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்து. இன்னும் அரைச் சொம்பு."

"நிறுத்தவா, ஊத்தவா நைனா?"

"நிறுத்திட்டு ஊத்து. கோடு ஆடறது நிக்க வாணாமா?"

ஆயிரத்து இருபத்தொன்றில் இருந்தது ஆயிரத்து இருபதுக்கு இறங்கியது. அவர் குழாயை எடுத்து வேட்டியில் துடைத்து, சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார்.

தொட்டியில் இருந்தது பழவேற்காட்டு ஏரியின் உப்புத் தண்ணீர். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு என்பதைச் சொல்லும் அந்தக் குழாய், ஆஸ்பத்திரியில் சிறுநீரின் அடர்த்தி பார்ப்பது. நைனாவின் மகளான நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். அங்கே ஒதுக்கி வைத்திருந்த ஒன்றைக் கேட்டு வாங்கி நைனாவுக்குக் கொடுத்திருந்தேன். அம்மா தாட்சாயணி அதை வீட்டுக்குள் விடவில்லை.

"அந்த மூத்திரக் கோல வாசல்லயே வெச்சிட்டு வரணும், சொல்லிட்டேன்."

"இது புதுசு தாட்சாயணி."

"புதுசா இருந்தா ஆஸ்பத்திரிய உட்டுட்டு இங்க எதுக்கு வருது?"

 அன்றிலிருந்து நைனா குழாயைத் தெருச் சன்னலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அவர் பெயர் எத்திராஜ். நகரியில் தறி வீடு. பஞ்சுத் தூசு நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாததால் பதினெட்டு வயதில் மெட்ராஸுக்குப் போய் ஒரு காலேஜில் லேப் வேலைக்குச் சேர்ந்தார். 1953இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது, ஊர்ப் பக்கம் என்று திருப்பதிக்கு வந்துவிட்டார். இரண்டு இடத்திலும் வேலை ஒன்றுதான். தவளை, பாம்பு, மீன், நட்சத்திர மீன் எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டு, மூடியை மெழுகால் அடைத்து, லேபிள் எழுதி அடுக்குவது. இருபத்திரண்டு வருடம். அவர் விரல் நுனிகள் வெளுத்து, தோல் தடித்திருக்கும். சின்ன வயதில் என் கன்னத்தைப் புறங்கையால்தான் தொடுவார்.

போன நவம்பரில் லெக்சரர் வரதராஜன் சார், பாட்டிலில் வைக்க மீன் வேண்டும் என்று அவரைப் பழவேற்காட்டுக்கு அனுப்பினார். துலுக்காணம் என்ற மீன்காரர் ஆறு கீச்சான் குஞ்சுகளைப் பானையில் போட்டுக் கொடுத்தார். கட்டைவிரல் நீளம். முதுகில் வளைந்த கறுப்புக் கோடுகள். மேலிருந்து பார்த்தால் வட்டத்துக்குள் வட்டம் வரைந்ததுபோல் இருக்கும். லேபுக்கு வந்து ஒன்றைக் கையில் எடுத்தார். அது கீச்சென்று கத்தியது.

"மீனு கத்துது மனோ," என்று என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். "எத்தினி மீன பாட்டில்ல போட்டிருக்கறன், ஒண்ணாவது என்னான்ட ஒரு வார்த்த பேசிக்கீதா?"

அன்று அவர் ஃபார்மலினைத் திறக்கவில்லை. மூலையில் கிடந்த பழைய கண்ணாடித் தொட்டியைக் கழுவி, இரும்புச் சட்டத்துக்குத் தார் பூசி, மணலும் ஐந்து கல்லும் போட்டார். இரண்டரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். பதினைந்து காலன். காற்றுக்கு லாரி டியூப். சைக்கிள் பம்பால் அடித்துவிட்டால், நான் கொடுத்த ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

வரதராஜன் சார் இரண்டு நாள் பார்த்தார். பிறகு ஒரு நிபந்தனை வைத்தார். மார்ச்சில் காலேஜைப் பார்க்கக் கமிட்டி வருகிறது. அதுவரை மீன்கள் உயிரோடு இருந்தால் தொட்டி நிரந்தரமாக இருக்கட்டும். ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தால் மிச்சத்தையும் பாட்டிலில் போட்டுவிட வேண்டும்.

பதினைந்து நாளில் இரண்டு செத்தன. செதில் உரிந்து, வால் தின்னப்பட்டு. நைனாவே பாட்டிலில் போட்டு, தேதி எழுதினார்.

கொன்றது பெரிய மீன். ஒரு கறுப்புக் கல்லின் அடியில் வாயால் மணலைத் தோண்டிக் குழி போட்டு உட்கார்ந்திருந்தது. எந்த மீன் அந்தப் பக்கம் திரும்பினாலும் பாய்ந்து கடித்தது. நைனா அதற்குத் தாசில்தார் என்று பெயர் வைத்தார். ஒரு மூங்கில் கூடையை வாங்கித் தொட்டியிலேயே தொங்கவிட்டு, தாசில்தாரை அதற்குள் அடைத்தார். மற்ற மூன்றும் பிழைக்கும் என்று நினைத்தார்.

ஒரு மணி நேரத்தில் அடுத்த பெரிய மீன் அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது. நேற்றுவரை கடி வாங்கியது அது. இன்று கடித்தது. அதையும் எடுத்துக் கூடையில் போட்டுத் தாசில்தாரை வெளியே விட்டார். தாசில்தார் நேராகக் குழிக்குப் போனது.

"ஆள மாத்தி மாத்திப் பாத்தன். எவன் போயி குந்துனாலும் கடிக்கிறான். ஆபீசு அங்கியே கீதே, ஆள மாத்தி இன்னா பிரயோஜனம்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வெகுநேரம் தொட்டியையே பார்த்தார்.

பொங்கல் லீவில் நான் வந்திருந்தபோது ஆபீசை மாற்றினார். தாசில்தாரை மறுபடி கூடையில் போட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. கையை விட்டு ஐந்து கல்லையும் இடம் மாற்றி, குழிகளை மூடி, மணலைச் சமமாக்கினார். கலங்கல் அடங்கியதும் பார்த்தோம். மூன்று மீன்களும் நடுத் தண்ணீரில் அசையாமல் நின்றன. ஒன்றையொன்று கடிக்கவில்லை. எது யாருடைய இடம் என்று அவற்றுக்குத் தெரியவில்லை. கால் மணி நேரம் அப்படியே நின்றன. நானும் நைனாவும் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டோம்.

முதலில் இறங்கியது, வால் பாதி போன சின்ன மீன். ஒரு கல்லுக்குப் பக்கத்தில் தலையைக் குத்தி, ஒரு வாய் மணல் எடுத்தது. ஒரு சாண் தள்ளிப் போய்த் துப்பியது. திரும்பி வந்து இன்னொரு வாய்.

நைனாவின் வலது கை தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கியபடியே இருந்தது. கீழே போட மறந்துவிட்டார்.

"பாரு மனோ," என்றார், குரலே இல்லாமல். "ஊடு கட்டுது."

அதன்பிறகுதான் தாசில்தாரைத் திறந்துவிட்டார். எல்லா இடத்துக்கும் ஆள் வந்துவிட்டிருந்தது. தாசில்தார் புதுசாகக் குடிவந்ததுபோல் ஓரத்தில் ஒண்டியது. அப்போது வரதராஜன் சார் உள்ளே வந்தார்.

"ஏமய்யா எத்திராஜ், மெட்ராஸுக்கும் ஆந்திராவுக்கும் கோடு போட்டு முடிச்சாச்சாமே. இங்க உன் பார்டர் கமிஷன் எப்ப முடியும்?"

"அங்க கல்லு நட்டா முடிஞ்சிது சார். இங்க கல்லப் புடுங்குனாதான் ஆரம்பிக்குது."

சார் சிரித்துக்கொண்டே குனிந்தார். பிறகு அவரும் எழுந்திருக்கவில்லை. மூன்று பேரும் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டிருந்தோம்.

பதினோரு நாள் சண்டை இல்லை. பிறகு தாசில்தார் பழைய கறுப்புக் கல்லைக் கண்டுபிடித்துவிட்டது. இடம் மாறியிருந்த அதே கல். அதன் அடியில் இருந்ததை விரட்டிவிட்டு உட்கார்ந்தது. நைனா கல்லை வலக்கோடிக்கு நகர்த்தினார். அது வலக்கோடிக்குப் போனது. இடக்கோடிக்கு நகர்த்தினார். பின்னாலேயே வந்தது. எனக்கு எழுதிய கடிதத்தில் இதை மட்டும் எழுதி, கீழே, "கல்லை முகம் பார்த்து வைத்திருக்கிறது. எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது" என்று முடித்திருந்தார். வீட்டு விஷயம் ஒரு வரி இல்லை.

அந்த மார்ச் ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் ஊற்றி முடித்ததும், நைனா தாசில்தாரைத் திரும்பக் கூடையில் போட்டார். கறுப்புக் கல்லைத் தொட்டியிலிருந்தே எடுத்துவிட்டார். வால் போன மீனின் விலாவில் புதுக் கடி இருந்தது. இன்னொரு கடி தாங்காது. கமிட்டி அடுத்த திங்கட்கிழமை.

"வெள்ளிக்கெழம வரைக்கும் இவன் உள்ள இருக்கட்டும். அதுக்குள்ள ஒரு கல்லு வேணும். சந்திரகிரியாண்ட சொர்ணமுகி ஆத்துல பட்டக் கல்லு கெடக்கும். ஒரு ஜாண் உயரம். நடுவுல தடுப்பு மாதிரி நிக்க வெச்சிட்டா, ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாக்க முடியாது."

"இங்க தெருவுல கெடக்கற கல்லு ஆகாதா?"

"சுண்ணாம்பு ஒட்டிக்கினு இருக்கும். ஆத்துக் கல்லுன்னா கழுவுன கல்லு. வியாழக்கெழம நானே போயி எடுத்தாறன். நீ பஸ்ஸப் புடி."

பஸ்ஸில் ஏறும்வரை கல்லைப் பற்றியே பேசினார். வண்டி கிளம்பியபோது, புறங்கையால் என் கன்னத்தைத் தொட்டார்.

புதன்கிழமை தந்தி வந்தது. நெஞ்சுவலி. விடியற்காலையில், வீட்டில். நான் குடிபாலா தாண்டி, சித்தூர் தாண்டி, வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. அன்று மாலையே நைனாவை எடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை அம்மா ஒரு துணி முடிச்சை என் கையில் கொடுத்தாள். பிரித்தேன். கண்ணாடிக் குழாய். சீயக்காய் போட்டுக் கழுவியிருந்தாள்.

"எங்கம்மா இருந்துச்சி?"

"சமயல்கட்டு அலமாரியில வெச்சிருந்தேன். சன்னல்ல இருந்தா யாராவது ஒடச்சிடுவாங்க." துணியை மடித்துக்கொண்டே, "போய்ப் பாரு. அதுங்க பட்டினியா கெடக்கும்" என்றாள்.

மீன்கள் பட்டினி கிடக்கவில்லை. வரதராஜன் சார் லேபைத் திறந்து வைத்திருந்தார். டியூப் காற்றோடு இருந்தது.

"பம்பு யார் சார் அடிச்சது?"

அவர் உள்ளங்கையைக் காட்டினார். இரண்டு கொப்புளம். "காலைல நூறு, சாயங்காலம் நூறு. மண்புழு பசங்க தோண்டிக் குடுத்தாங்க. மத்தது எதையும் நான் தொடலம்மா. தண்ணி ஊத்த பயம்." கையை மடக்கிக்கொண்டு, "திங்கட்கிழமை பத்து மணிக்கு வராங்க. நாலும் இருந்தா தொட்டி இருக்கும். அது நான் எத்திராஜுக்குச் சொன்னது" என்றார்.

நான்கும் இருந்தன. குழாயை மிதக்கவிட்டேன். ஆயிரத்து இருபத்து மூன்று. ஒன்பது சொம்பு பிடித்தது. ஒவ்வொரு சொம்புக்கும் கோடு ஆடி நிற்கும்வரை காத்திருந்தேன். ஆயிரத்து இருபது.

வால் போன மீனின் காயத்தில் மெல்லிய புதுத் தோல் படிந்திருந்தது. அது தன் குழியில் மணல் அள்ளிக்கொண்டிருந்தது. கூடையில் தாசில்தார் ஒரே திசையைப் பார்த்து நின்றது. நான் அந்தத் திசையைப் பார்த்தேன். அலமாரியின் கீழ்த்தட்டில், நைனா எடுத்து வைத்த கறுப்புக் கல்.

அது தற்செயலாக இருக்கலாம். கூடையை அரைச் சுற்றுத் திருப்பினேன். தாசில்தார் மெதுவாகத் திரும்பி, மறுபடி அந்தப் பக்கமே நின்றது. கையிலிருந்த சொம்பைக் கீழே வைக்க எனக்குத் தோன்றவில்லை. நைனாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவருடைய மேஜையில், பழைய லேபிளின் பின்பக்கத்தில், பென்சிலால் மூன்று வரி இருந்தது. முதல் வரி தண்ணீர், அடித்திருந்தார். இரண்டாவது வரி கறுப்புக் கல் எடுப்பது, அடித்திருந்தார். மூன்றாவது வரி அடிக்கப்படவில்லை.

"வியாழன். சந்திரகிரி. ஆற்றுக் கல், ஒரு சாண், பட்டை."