அக்காவை டியூட்டிக்கு அனுப்பியது

அக்காவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாலு மாசம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அறுபத்தாறு வயசு. எங்கள் பிழைப்பு மராத்தி ஊரில். பிம்ப்ரியில் ஒரு கம்பெனியில் ஹெல்பராக இருந்து ரிட்டயர் ஆனேன். இப்போது ஒரு பில்டிங்கில் வாட்ச்மேன், பகல் ஷிப்ட். என் பெண்சாதி இரண்டு வீட்டில் சமையல் செய்கிறாள். தாபோடியில் எங்களுக்கு இரண்டு அறை. அக்காவும் எங்களோடுதான். அதற்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா செத்தபோது எனக்கு ஆறு வயசு, அக்காவுக்குப் பதினெட்டு. அப்பா அதற்கு முன்னமே இல்லை. அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தது. முப்பத்தெட்டு வருஷம் பார்த்தது. நோயாளிக்கு உடம்பு துடைப்பது, பெட்பேன் வைப்பது, துணி மாற்றுவது. என்னை வளர்த்தது பற்றி எழுத ஒன்றுமில்லை. வளர்த்தது. அவ்வளவுதான்.

மூன்று வருஷமாக மறதி. முதலில் அடுப்பை அணைக்க மறந்தது. அப்புறம் கிழமை. அப்புறம் என் பெண்சாதி யார் என்று கேட்டது. நான் யார் என்பது சில நாள் தெரியும், சில நாள் தெரியாது.

மூன்று தரம் வெளியே போய்விட்டது. மூன்று தரமும் அந்த ஆஸ்பத்திரி கேட்டில்தான் கண்டுபிடித்தோம். வேலைக்கு நேரமாச்சு, உள்ளே விடு என்று அங்கே காவல்காரனோடு சண்டை. கடைசித் தரம் பெரிய ரோட்டை அதுவாகவே தாண்டிப் போயிருந்தது. காலில் செருப்பு இல்லை. அன்றைக்குத்தான் பூட்டு வாங்கினேன். நானும் பெண்சாதியும் ஒன்றாக வெளியே இருப்பது காலையில் நாலு மணி நேரம். தண்ணியும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுப் பூட்டுவேன்.

ஒருநாள் பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா என்னை நிறுத்தினார். அவருக்கு நான் காகா, சித்தப்பா மாதிரி; அக்கா ஆஜி.

“காகா, ஆஜி கதவைத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. ரொம்ப நேரம். தமிழ்ல என்னமோ சொல்லிக் கூப்பிட்டாங்க. எனக்குப் புரியல. நானும் இந்தப் பக்கம் நின்னு பேசினேன். அவங்களுக்கும் புரியல.”

உள்ளே போய் அக்காவின் கையைப் பார்த்தேன். விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது.

“என்னக்கா இது?”

“தெரியலடா. எங்கியோ இடிச்சிக்கிட்டேன்.”

மஞ்சள் வைத்தேன். அதன் கையில் எப்போதும் பலம் இருக்கும். அன்றைக்கு இல்லை.

பெண்சாதியிடம், ஏதாவது இல்லத்தில் விடலாமா என்று கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள்.

“நாப்பது வருஷம் என் குழம்பைக் குறை சொன்னவங்க,” என்றாள். “போனாப் போவட்டும்னு சொல்லணும்தான். வாய் வரமாட்டேங்குது.”

முதலில் விஷ்ராந்த்வாடி பக்கம் ஒரு இடம் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. டைல்ஸ் தரை, பினாயில் வாசனை. பன்னிரண்டு பேர் சுவர் ஓரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே டிவி. யாரும் டிவியைப் பார்க்கவில்லை. பொம்பளைகளுக்கெல்லாம் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தது. யார் யாரென்றே தெரியவில்லை. எங்களைக் கூட்டிப் போனவன் மூன்று கேள்வி கேட்டான். நடப்பாங்களா, டயப்பரா, கத்துவாங்களா. அவ்வளவுதான் கேட்டான்.

“முடியை ஏன் வெட்டினீங்க?” என்றாள் பெண்சாதி.

“யாரு உக்காந்து வாரறது?”

இரண்டாவது இடத்தில் ஒரு கிழவியை நாற்காலியோடு துப்பட்டாவால் கட்டியிருந்தார்கள். இடுப்பில் ஒரு சுற்று. அந்தம்மா துப்பட்டா நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். ஏன் கட்டியிருக்கீங்க என்று கேட்டேன்.

“விழுந்தா நீங்கதானே எங்க மேல கேஸ் போடுவீங்க?” என்றான் அங்கிருந்த ஆள்.

வெளியே வந்ததும் பெண்சாதி “பாவிங்க” என்றாள். என் சட்டைப் பையில் வீட்டுச் சாவி இருந்தது.

மூன்றாவது இடம் ஆலந்தி ரோட்டில் உள்ளே தள்ளி ஒரு பழைய பங்களா. நடத்துகிற அம்மா மராத்திக்காரர், ஐம்பது வயசு இருக்கும். அவரிடம் நான் மளமளவென்று சொன்னேன். நடக்கும், டயப்பர் இல்லை, கத்தாது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“காகா, என்கிட்ட சாமானையா விக்கறீங்க? அவங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க. பாக்காம நான் எப்படிச் சொல்றது?”

அடுத்த நாள் அக்காவைக் கூட்டிப் போனோம். அந்தம்மா ஒரு சின்ன ஸ்டூலைப் போட்டு அக்காவுக்கு எதிரே, அக்கா முகத்துக்குக் கீழே உட்கார்ந்தார்.

“ஆஜி, டீ குடிக்கிறீங்களா?” என்று மராத்தியில் கேட்டார்.

ஆஜி என்றால் பாட்டி. இங்கே வயசான பொம்பளை எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அக்கா என் பக்கம் திரும்பியது.

“டேய், யாருடா இவ? எனக்குப் புள்ளையே இல்ல, பேத்தி எங்கேர்ந்து வந்தா? கேளு.”

நான் ஹிந்தியில் சொன்னேன். அந்தம்மா சிரித்தார். “தப்புதான். வேலை பாத்த எடத்துல இவங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?”

இங்கே ஆஸ்பத்திரி ஆயாக்களை மாவ்ஷி என்பார்கள். சித்தி என்று அர்த்தம். அதைச் சொன்னேன்.

“மாவ்ஷி,” என்றார் அந்தம்மா.

அக்கா எழுந்து நின்றுவிட்டது. முந்தானையை இடுப்பில் செருகியது. “எந்த பெட்டு?” என்றது, நல்ல மராத்தியில். வீட்டில் அதன் வாயில் மராத்தி வந்து வருஷமாகிறது.

அந்தம்மா சிரிக்கவில்லை. அக்காவைக் கூட்டிப் போய் ஒரு கட்டிலைக் காட்டினார். விரிப்பு ஒரு பக்கம் கலைந்திருந்தது. அக்கா அதை இழுத்து, மூலையை மடித்துச் செருகியது. கட்டில் மேல் உட்கார்ந்திருந்த பெரியவரை, “எழுந்திரு, எழுந்திரு, ராஜா மாதிரி உக்காந்திருக்கே” என்று அதட்டியது. அவர் எழுந்தார். வேறு இடமாக இருந்தால் அக்காவை உட்கார் என்று சொல்லியிருப்பார்கள். இங்கே யாரும் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு பாரம் நிரப்பணும். நான் படித்தது ஐந்தாவது. அந்தம்மாவே கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். என்ன சாப்பாடு பிடிக்கும்?

“எல்லாம் சாப்பிடும்,” என்றேன்.

“எல்லாம் சாப்பிடுவாங்க சரி. என்ன பிடிக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. அறுபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காரும். அது என்ன சாப்பிட்டது என்று நான் பார்த்ததில்லை.

பெண்சாதி பேசினாள். பழைய சோறு, பச்சை வெங்காயம். சோத்துப் பானை அடியில் பிடித்த தீய்ந்த பருக்கை. டீயில் பால் கூடாது. படுத்தால் சுவர் பக்கம் திரும்பித்தான் படுப்பாங்க. தலையை வேற யாரும் தொடக்கூடாது, அவங்களேதான் வாரிக்குவாங்க. மழை பெய்தால் முழங்கால் வலிக்கும், சொல்ல மாட்டாங்க, பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாங்க, அப்பத் தெரிஞ்சுக்கணும். சொல்லிக்கொண்டே போனாள். அந்தம்மா பின்பக்கமும் எழுதினார். தினம் சண்டை போட்டவள் அவள். அவளுக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது.

கடைசியில் அந்தம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். “வெளியே போயிடறாங்கன்னு சொன்னீங்க. வீட்ல நீங்க என்ன பண்றீங்க?”

“பூட்டிட்டுப் போவேன்.”

“எவ்வளவு நேரம்?”

“நாலு மணி நேரம்.”

அதையும் எழுதினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. “இங்கேயும் கேட் உண்டு, காகா. சாத்தித்தான் இருக்கும். ஆனா தட்டினா யாராவது வருவோம்,” என்றார்.

அந்த இடம்தான் என்று முடிவு செய்தோம். ஒரு விஷயம் மட்டும் கண்டித்துச் சொன்னார். எங்கே போகிறோம் என்று அக்காவிடம் உள்ளதைச் சொல்லிக் கூட்டி வரவேண்டும். அழுதாலும் பரவாயில்லை. சரி என்றேன்.

சொல்ல முடியவில்லை. மூன்று நாள் முயற்சி பண்ணினேன். கிளம்புகிற அன்று காலையில் அக்கா, “எங்கடா போறோம்?” என்று கேட்டது. வாயில் வந்தது இதுதான்.

“டியூட்டிக்குக் கூப்பிட்டிருக்காங்கக்கா.”

அக்கா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தானே குளித்தது. தானே தலை வாரிக் கொண்டை போட்டது. பெண்சாதி தூக்கில் தயிர்சோறு வைத்துக் கொடுத்தாள். “உப்புப் போட்டியா, இல்ல இன்னைக்கும் மறந்துட்டியா?” என்றது. பெண்சாதி “போட்டேன் அண்ணி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பஸ்ஸில் அக்கா சீட்டு நுனியிலேயே உட்கார்ந்து வந்தது. “லேட்டாயிடுச்சாடா? லேட்டாயிடுச்சா?” பங்களா வாசலில் என் கையை விட்டுவிட்டு நேராக உள்ளே போனது. திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல வேளை என்று நினைத்தேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அக்கா பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டதாம். டியூட்டி முடிஞ்சுது, வீட்டுக்குப் போகணும் என்றதாம். புது இடம், பழகிவிடும் என்றுதான் போனில் எனக்குச் சொன்னார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். காலையில் நன்றாக இருக்கிறது. விரிப்பு மடிக்கிறது, மூன்று பேருக்குத் தலை வாரிவிடுகிறது, ஒரு கிழவிக்குக் கஞ்சி ஊட்டுகிறது. இரண்டு மணி அடித்தால் கேட். உட்காரச் சொன்னால் உட்காராது. இருட்டுகிற வரை நிற்கிறது. நாலாம் நாள் அந்தம்மா என்னை வரச் சொன்னார்.

போனபோது மணி நாலு. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. கால் இரண்டும் வீங்கியிருந்தது.

“என்ன சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்தீங்க?” என்றார் அந்தம்மா.

சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“வீடுன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பாங்க. அப்புறம் பழகியிருப்பாங்க. டியூட்டின்னு சொல்லிட்டீங்க. டியூட்டி முடிஞ்சா மனுஷங்க வீட்டுக்குப் போகாம எங்க போவாங்க, காகா?”

அந்த ஒரு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நானும் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவன்தான்.

கேட்டுக்குப் போனேன். உள்ளதைச் சொல்லிவிடுவது என்று போனேன்.

“அக்கா. டியூட்டி இல்லக்கா. பொய் சொன்னேன். இனிமே உனக்கு இதான் எடம்.”

அக்கா என்னைப் பார்த்தது. அன்றைக்கு என்னைத் தெரிந்தது.

“கொண்டாந்து உட்டுட்டியாடா?”

“ஆமாக்கா.”

கன்னத்தில் ஒன்று விட்டது. பலமில்லாத அடி. அப்புறம் அந்தக் கையை அது பார்த்துக்கொண்டே நின்றது. அழவில்லை.

பத்து நிமிஷம் போயிருக்கும். பையை மறுபடி தோளில் மாட்டியது. “பஸ்ஸு எத்தினி மணிக்கு?” என்றது. நடந்தது எதுவும் அதற்கு நினைவில் இல்லை. எனக்கு இருந்தது.

அந்தம்மா பின்னால் வந்து மெல்லச் சொன்னார். “பொய்யும் வேணாம். இப்படிப் போட்டு உடைக்கவும் வேணாம். அவங்களுக்குத் தெரிஞ்சதை அவங்ககிட்டயே கேளுங்க.”

என்ன கேட்பது? அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. சின்ன வயசில் அக்கா சில நாள் நேரத்துக்கு வீட்டுக்கு வராது. மறுநாள்தான் வரும். ஏன் வரலை என்று அழுவேன். அடுத்த ஷிப்ட் ஆயா வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் வார்டை விட்டு வரக்கூடாது, அதுதான் சட்டம் என்று சொல்லும். சட்டம் என்றுதான் சொல்லும், வேலை என்று சொல்லாது.

“ஏங்கா,” என்றேன். “உன்னை மாத்தறதுக்கு ஆள் வரலைன்னா நீ என்ன பண்ணுவ?”

“என்னா பண்றது? இருந்துதான் ஆவணும். படுத்திருக்கறவங்கள உட்டுட்டா வர முடியும்?”

சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. யாரும் வரவில்லை.

“வரலை போலருக்கு,” என்றது. அலுத்துக்கொண்டது. “அந்தச் சிறுக்கி எப்பவும் இப்படித்தான்.”

பையைத் தோளிலிருந்து இறக்கியது. கேட்டை விட்டு இரண்டு அடி உள்ளே போனது. நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. இப்போது என்னைத் தெரியவில்லை.

“இந்தாப்பா, நீ தாபோடி பக்கமா போற?”

“ஆமா.”

“அங்க என் தம்பி தனியா இருக்கான். சின்னப் பையன். இன்னைக்கு நான் வர்றதுக்கில்லன்னு சொல்லிடு. பக்கத்து வீட்ல சோறு கேட்டு வாங்கித் துன்னச் சொல்லு. கேக்க வெக்கப்படுவான். பட்டினியாவே படுத்துக்குவான். அக்கா சொல்லிச்சுன்னு சொல்லு, அப்பத்தான் கேப்பான்.”

“சொல்றேன்,” என்றேன்.

“மறந்துடாத.”

“மறக்கமாட்டேன்.”

உள்ளேயிருந்து யாரோ “மாவ்ஷி” என்று கூப்பிட்டார்கள். “வரேன் வரேன், ஒரு நிமிஷம் பொறுக்க மாட்டீங்களே” என்று மராத்தியில் சத்தம் போட்டுக்கொண்டே போனது. வீங்கின காலோடு வேகமாகத்தான் போனது.

பஸ் ஸ்டாப்பில் நின்றேன். இரண்டு பஸ் போய்விட்டது. மூன்றாவதில் ஏறினேன். வீட்டில் பெண்சாதி சோறு போட்டு வைத்திருந்தாள். உட்கார்ந்து சாப்பிட்டேன்.