கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற எங்கள் அண்ணா

வடமராட்சியில், கடல் இரைச்சல் கேட்கும் வீடொன்றில், நான்கு பிள்ளைகளில் மூத்தவராக எங்கள் அண்ணா பிறந்தார். நான் கடைக்குட்டி. அப்பா காலமானபோது அண்ணாவுக்குப் பதினேழு வயது. கல்லூரி உதைபந்தாட்ட அணியில் அந்த ஆண்டுதான் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. சப்பாத்தைக் கழற்றிச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். இடப்பெயர்வு, முகாம், மறுபடியும் வீடு என்று நாங்கள் அலைந்த காலமெல்லாம் அந்தச் சப்பாத்தும் கூடவே வந்தது. பிறகு அதை நான்தான் போட்டேன். அண்ணா குவைத்தில் ஸ்டோர் கீப்பராக வேலை பார்த்து, அக்காமார் இருவரையும் கரைசேர்த்து, கடைசியில் என்னையும் விசா எடுத்துக் கூப்பிட்டார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாத ஒன்றை எழுதத்தான் முப்பது நாளாகப் பேனையோடு மல்லுக்கட்டுகிறேன்.

அண்ணாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் பலர் குவைத்தின் மங்காஃப் மைதானத்துக்கு வந்தவர்கள். எங்கள் ஊரில் கல்லூரி என்றால் படித்த பள்ளிக்கூடம்தான். எங்கள் கல்லூரியின் பழைய மாணவர்களும் மற்றக் கல்லூரியின் பழைய மாணவர்களும் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மோதுவார்கள். நாங்கள் குடியிருக்கும் அப்பாசியாவிலிருந்து கொடியும் ட்றம்முமாக பஸ் புறப்படும். ஒரே ரூமில் படுப்பவர்கள்கூட அன்று கல்லூரிக்கொரு கூடாரமாகப் பிரிந்து இருந்து, ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி இருப்பார்கள். அண்ணி செய்த ரோல்ஸ் தட்டு இரண்டு கூடாரத்துக்கும் போகும். அண்ணா மட்டும் எல்லோருக்கும் முன்னால் போய், மைதானம் முழுக்க நடந்து கல் பொறுக்குவார். "விழுற பிள்ளையளுக்கு முழங்கால் கிழியும்" என்பார்.

மத்தியஸ்தராக வெளியாள் ஒருவரைப் பிடிப்பார்கள். பக்கக்கோட்டில் கொடியோடு ஓட, கல்லூரிக்கு ஒருவர் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எப்போதும் அண்ணாதான். சொந்த அணிக்கு எதிராகக் கொடி தூக்க மாட்டார்கள் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத வழக்கம்.

ஏழு வருடங்களுக்கு முந்திய அந்த ஆட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆறு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். அன்று ஒன்றுக்கு ஒன்று. முடிய ஐந்து நிமிடம்கூட இல்லை. கூடாரத்தில் ட்றம் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். வலது பக்கத்திலிருந்து பந்து உயர்ந்து வந்தது. பாய்ந்தேன். பந்து வலைக்குள். எகிப்துக்காரரான மத்தியஸ்தர் விசில் ஊதி நடுக்கோட்டைக் காட்ட, எங்கள் ஆட்கள் மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார்கள். என்னைத் தோளில் தூக்கியபோதுதான் பார்த்தேன், பக்கக்கோட்டில் அண்ணாவின் கொடி எழும்பி நின்றது.

மத்தியஸ்தர் அவரிடம் ஓடினார். அண்ணா தன் வலது மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். "கலாஸ். நோ கோல்" என்று அரபியும் ஆங்கிலமுமாகக் கோலை மறுத்தார் எகிப்துக்காரர். அந்தக் குழப்பம் அடங்கமுதலே மற்றக் கல்லூரிக்காரர் ஒரு கோல் அடித்துவிட்டார்கள். முடிந்தது.

ஆட்டம் முடிந்ததும் அண்ணாவைச் சுற்றி வளைத்தார்கள். எங்கள் அணித்தலைவர் குகன் அண்ணை, அண்ணாவோடு ஒரே வகுப்பில் படித்தவர், அப்பாசியாவில் எங்களுக்கு இரண்டு மாடி கீழே குடியிருப்பவர், கொடியைப் பிடித்து இழுத்தார்.

"எட, சொந்தத் தம்பியின்ரை கோலுக்குக் கொடி தூக்கிற நீயும் ஒரு மனுசனோ?"

"நான் கண்டதைத்தான் காட்டினனான், குகன்."

குகன் அண்ணை என்னிடம் திரும்பினார். "தம்பி, நீ சொல்லு. கையில பட்டதோ?"

அத்தனை முகமும் என்னைப் பார்த்தன. எனக்கோ மூக்கு நுனியில் கோபம்.

"படேல்லை. அம்மாவாணைப் படேல்லை!"

பந்து என் கையில் பட்டது. வலது மணிக்கட்டில். இதோ, எழுதிவிட்டேன்.

அண்ணா என்னை ஒரு தரம் பார்த்தார். கொடியைத் தடியில் மெல்லச் சுற்றினார். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் தம்பி அம்மாவின் மேல் பொய்ச் சத்தியம் செய்தவன் என்றாகியிருக்கும். காரில் வரும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "அம்மாவை ஏனடா அதுக்குள்ள இழுத்தனி?" நான் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தப் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

அடுத்த வருடம் எங்கள் கூடாரத்துக்குள் அவர் காலெடுத்து வைத்தபோது ஒருவர் சொன்னார்: "அண்ணை, உங்கடை ஆக்கள் அங்காலைப் பக்கம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். அண்ணா மற்றக் கூடாரத்துக்குப் போகவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால், வெயிலில் போய் நின்றார். அண்ணியின் ரோல்ஸ் தட்டு தொடப்படாமலே வீடு திரும்பியது. குகன் அண்ணை லிஃப்டில் கண்டாலும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்படியும் அண்ணா ஒரு வருடம் தவறவில்லை. முதல் ஆளாகப் போவார், கல் பொறுக்குவார், பிறகு அந்தக் கம்பத்தடியில் நிற்பார். ஒவ்வொரு வருடமும் இடைவேளையில் எழும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். இந்த வருடம் எழும்பியும் விட்டேன். குகன் அண்ணை "எங்கையடா போறாய்?" என்றார். "தண்ணி எடுக்க" என்று சொல்லி இருந்துவிட்டேன். என்ன பிறவியோ நான்!

அதிலிருந்து மூன்றாம் கிழமை, டியூட்டியில் நிற்கும்போது அண்ணா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மருத்துவமனையில் நான்கு நாள். மூன்றாம் நாள் பார்வை நேரத்தில் அண்ணியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். சொல்லத்தான் போனேன். அண்ணா ஒட்சிசன் முகமூடியை விலக்கி, "வாற வருசம் நீ வெள்ளனப் போய்க் கல் பொறுக்கோணும். கோல் போஸ்ட் பக்கம் சரியில்லை" என்றார். "ஓம் அண்ணா" என்றேன். அதோடு நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் அண்ணா இல்லை.

உடலை ஊருக்கு அனுப்ப வேண்டிய கடதாசி வேலைகளுக்கு இரண்டு நாள் லீவு போட்டு, சாப்பாடு தண்ணி இல்லாமல் ஓடித் திரிந்தவர் குகன் அண்ணை. எல்லாம் முடிந்து பிண அறை வாசலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"அண்டைக்குக் கொடியைப் பிழையாத் தூக்கினாலும் உன்ரை அண்ணன் தங்கமான மனுசன்ரா. நான் அதை மன்னிச்சிட்டன்."

நான் தலையாட்டினேன். அண்ணா உள்ளே கிடக்க, வாசலில் நின்று தலையாட்டினேன்.

ஸ்டோரில் அண்ணா விழும்போது தாங்கிப் பிடித்த வங்காளதேச நண்பருக்கும், நான்கு நாளும் முகம் சுளிக்காத தாதியருக்கும், அண்ணியைத் தனியே விடாத அப்பாசியா அயலவர்களுக்கும், ஊரில் பந்தல் போட்டு, கொள்ளிக்குடம் முதல் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை கூட நின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

குகன் அண்ணை, உங்களுக்குச் சொல்லும் நன்றியோடு ஒன்றையும் கேட்டுக்கொள்கிறேன். அண்ணாவுக்குக் கொடுத்த மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது தேவைப்படவே இல்லை. எனக்குத் தருவதா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வருகிற குளிர்காலத்தில் நான் முதல் ஆளாகப் போய்க் கல் பொறுக்குவேன். பிறகு கம்பத்துக்குப் பின்னால்தான் நிற்பேன்.

அம்மாவுக்கு இப்போது கண் மங்கி எழுத்துத் தெரிவதில்லை. இந்த மலரை அண்ணிதான் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்ட வேண்டும். அண்ணி, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், அம்மாவின் மேல் நான் சத்தியம் செய்த இடத்தைத் தவிர்க்காமல் வாசித்துக் காட்டுங்கள்.