துப்பாக்கிச்சாமிக்குப் பூசை செய்த அப்பா

எங்கள் அன்புத் தந்தையார் ஓவேலியில் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தார். மழையில் சாக்குப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு கூடலூர்வரை நடந்து படித்தார். தேவாலா பக்கம் ஓர் எஸ்டேட் பேக்டரியில் தேயிலைத்தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஆனார். கோபம் மூக்கின்மேல் இருக்கும். பொய் மட்டும் வாயில் வராது. அப்படிப்பட்டவர் முப்பது வருடம் ஒரே ஒரு விஷயத்தை மறைத்தார்.

இலை நிறுக்கும் கொட்டகையில் கண்ணாடி போட்ட பழைய படம் ஒன்று உண்டு. தலைப்பாகை, முறுக்கு மீசை, தோளில் துப்பாக்கி. குங்குமம் வைத்து எல்லோரும் 'துப்பாக்கிச்சாமி' என்று கும்பிடுவார்கள். வருடாந்தரப் பொங்கல் பூசை அப்பாவின் பொறுப்புக்கு வந்தது. முதல் வருடம் கண்ணாடியைத் துடைத்தபோதுதான் குங்குமத்துக்கு அடியிலிருந்த ஆங்கில எழுத்தைப் படித்தார். அது சாமி படமே இல்லை. வெள்ளைக்காரர் காலத்து இரண்டாம் உலகப்போருக்குப் பட்டாளத்தில் சேர ஆள் கூப்பிட்ட விளம்பரம்!

சொன்னால் ஜனங்கள் மனம் நோகும், சொல்லாவிட்டால் ஏமாற்று. அப்பா வீட்டில் மட்டும் புலம்புவார். சென்ற வருடம் இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததும், "பொய்யோட ஆப்பரேசனுக்குப் போகமாட்டேன்" என்று பிடிவாதம் பிடித்தார்.

"இத்தன வருசம் கழிச்சு எதுக்குங்கப்பா?" என்று நாங்கள் கெஞ்சியும் கேட்கவில்லை. பொங்கலன்று எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லி, கைகூப்பி மன்னிப்புக் கேட்டார்.

கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ராமாயி அம்மா எழுந்தார்.

"ஏனுங்கய்யா, அது எங்களுக்குத் தெரியாதுங்களா? எங்கய்யன் இந்தப் படத்தப் பாத்துட்டுத்தான் சண்டைக்குப் போனாருங்க. கூப்புட்டவருதான பத்தரமாத் திருப்பி அனுப்போணும்? அதுக்குத்தான் எங்காத்தா மொதமொதல்ல இவருக்குப் பொட்டு வச்சது. அய்யன் வந்துட்டாருங்க. அதுக்குப் பொறவுதான் நானே பொறந்தேன். அப்புறம் கும்புடாம இருக்க முடியுங்களா?"

"அப்ப முப்பது வருசமாத் தெரியாதவன் நான் ஒருத்தன்தானா?" என்றார் அப்பா. கொட்டகையே சிரித்தது. அன்று அவர் காட்டிய தீபாராதனையைப்போல் முன்பு ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

அறுவைச் சிகிச்சையன்று, தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் கொட்டகையில் கற்பூரம் ஏற்றி, "டீமேக்கரய்யாவைத் திருப்பி அனுப்பு" என்று வேண்டிக்கொண்டார்களாம். அப்பா திரும்பினார். எட்டு மாதம் எங்களோடு இருந்தார். இரண்டாம் முறை ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

ரத்தம் கொடுத்த பேக்டரித் தோழர்களையும், கொட்டும் மழையில் கடைசிவரை கூட வந்த உறவுகளையும் எங்கள் குடும்பம் மறவாது. ராமாயி அம்மாவுக்கும் லயத்துப் பெண்களுக்கும் தனியாக ஒரு வார்த்தை: நீங்கள் கேட்டு வாங்கிக் கொடுத்த அந்த எட்டு மாதமும் அப்பா மனதில் பாரமில்லாமல் தூங்கினார்.

— மூத்த மகள்