ஒரே கிருமி, மூன்று வயிறுகள்

அண்ணை சோற்றில் பாதியைக் கோப்பையிலேயே மிச்சம் விடத் தொடங்கியதுதான் முதல் அறிகுறி. காங்கேசன்துறையில் படகு எஞ்சின் திருத்துகிறவர். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் இரண்டாம் தரமும் சோறு கேட்கிற மனிதர். இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிடுகிறது என்று எழும்பிப் போவார். காஸ்ரிக் என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். மருந்துக் கடையில் வாங்கிய குளிசைகளோடு ஏழு மாதங்கள் போய்விட்டன.

யாழ்ப்பாணத்தில் எண்டோஸ்கோப்பி (வாய்வழியே மெல்லிய குழாய் விட்டு இரைப்பையைக் கமராவால் பார்ப்பது) செய்தபோது கட்டி தெரிந்தது. பயொப்சி (சிறு துண்டு சதை எடுத்துப் பரிசோதிப்பது) அதைப் புற்றுநோய் என்றது. ஈரலுக்கும் பரவியிருந்தது. அதன்பிறகு பதினொரு மாதங்கள் இருந்தார். அந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

எங்கள் அப்பாவும் ஐம்பது வயதுக்குள் வயிற்றுக் கட்டியில்தான் போனார். மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டு, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு தங்கச்சிமார் என்றேன். நான், என்னைவிடப் பத்து வயது இளைய தர்சினி. இருவரையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார்.

அண்ணையின் இரைப்பையில் இருந்த ஹெலிக்கோபக்டர் பைலோரி (இரைப்பையின் சளிப் படலத்துக்குள் வாழும் சுருள் வடிவ பக்டீரியா) எங்கள் இருவரிடமும் இருந்தது. இரண்டு வகை அன்ரிபயோட்டிக், கூடவே அமிலத்தைக் குறைக்கும் குளிசை, பதினான்கு நாட்கள். வாய் முழுக்க உலோகக் கசப்பு. தேத்தண்ணிகூடக் கசந்தது. ஆனாலும் இடையில் நிறுத்தாதீர்கள். அரைகுறையாக விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று எங்களுக்குச் சொன்னார்கள்.

இரண்டு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது கிருமி இருவரிடமும் இல்லை. ஆனால் என் இரைப்பையின் உட்தோல் சில இடங்களில் குடலின் தோல்போல மாறியிருந்தது. அது புற்றுநோய் அல்ல. சிலருக்கு, பல வருடங்களில், அந்தப் பக்கம் போகக்கூடிய ஒரு மாற்றம். எனக்கு வருடத்துக்கு ஒரு தடவை கமரா விட்டுப் பார்க்க வேண்டும். தர்சினிக்கு லேசான அழற்சி மட்டும்தான்.

ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே சட்டிச் சோறு. பிறகு ஏன் இப்படி என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் அவசரப்படாமல் விளக்கினார். கிருமி ஒன்றுதான், அதை எதிர்கொள்ளும் உடம்புதான் வேறு. பரம்பரையலகுகளில் (தாய் தகப்பனிடமிருந்து வரும், உடம்பை இயக்கும் குறிப்புகள்) உள்ள சின்னச் சின்ன வித்தியாசங்களால் சிலரிடம் அந்தக் கிருமி இலகுவில் குடியேறுகிறது, சிலரிடம் அவ்வளவாக இல்லை. குடியேறிய பிறகும் சிலரின் உட்தோல் வருடக்கணக்காகக் கொதிக்கிறது. சிலரின் உட்தோல் பேசாமல் இருந்துவிடுகிறது. சாப்பாடு, புகைத்தல், கிருமியின் வகை எல்லாம் சேர்ந்துதான் முடிவு. எந்தப் பரம்பரையலகு என்று எங்களுக்குப் பரிசோதித்துப் பார்க்க வழியில்லை; குடும்ப வரலாற்றை வைத்துத்தான் பார்க்கிறோம் என்றார். ஆகவே தர்சினியின் கிளினிக் கொப்பியிலும் தகப்பன், தமையன் என்று எழுதினார்.

அந்த இரண்டு சொற்களும் தர்சினியைப் பிடித்துக்கொண்டன. உறைப்பை விட்டாள், பிறகு மீனை விட்டாள், பிறகு சோற்றையே குறைத்தாள். உடுப்பெல்லாம் தொங்கியது. கலியாணம் முடித்து இரண்டு வருடம். ஒருநாள் என் வீட்டுக் குசினியில் வெங்காயம் உரித்தபடி, தலை நிமிராமல் சொன்னாள்:

"நான் பிள்ளை பெறப் போறேல்லை, அக்கா. அப்பாடை வயிறுதான் எனக்கும். அதை ஒரு பிள்ளைக்குக் குடுக்க மாட்டன்."

நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினேன். எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தது ஒன்றே ஒன்றுதான்.

யுத்த காலத்தில் காங்கேசன்துறையை விட்டு இடம்பெயர்ந்து உடுவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். அடுத்த பாயில் இருந்த பெண், பிள்ளை பெற்று மூன்றாம் நாள் இறந்துபோனா. அவவைத் தேடி ஒருவரும் வரவில்லை. அம்மா அந்தக் குழந்தையைத் தூக்கினா, பிறகு கீழே விடவேயில்லை. அப்போது எனக்குப் பத்து வயது, அண்ணைக்குப் பதினாலு. எங்கள் இருவரையும் தனியாகக் கூட்டிப்போய், இதைப் பற்றி இனி ஒருவரும் கதைக்கக்கூடாது என்றா. நாங்கள் கதைக்கவில்லை. எங்களுக்குள்கூட.

நான் தனியாக மருத்துவரிடம் போனேன். தர்சினி எங்கள் இரத்தம் இல்லை என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். அப்படியென்றால் உங்கள் குடும்பத்தால் வரும் பயம் தர்சினிக்கு இல்லை என்றார் மருத்துவர். அவரைப் பெற்றவர்களுக்கு என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது என்றும் சொன்னார். நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் தர்சினியின் வீட்டில், அவளுடைய கணவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சொன்னேன். நல்ல செய்தி கொண்டுவந்தவளைப்போலத்தான் தொடங்கினேன். அந்தத் தொனிக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவள் அழவில்லை. அடுப்பை நிற்பாட்டினாள்.

"அண்ணைக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"ஆஸ்பத்திரியிலை நான்தானே அவருக்குக் கஞ்சி தீத்தினனான். அப்பவும் சொல்லேல்லையோ?"

பிறகு தன்னைப் பெற்றவளின் பெயர் என்ன என்று கேட்டாள். அது எனக்குத் தெரியாது, கேட்க அம்மாவும் இப்போது இல்லை. பத்து வயதில் நான் அதைக் கேட்டு வைக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரு பயத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒன்றுமே தெரியாத வெறுமையை வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது. மருத்துவர் சொன்ன இரண்டாம் பாதி அதுதான்.

ஐந்து மாதங்கள் அவள் என்னோடு கதைக்கவில்லை. போன் எடுத்தால் கணவர் எடுப்பார். சாப்பிடுகிறாள் என்று சொல்வார். அதற்கு மேல் சொல்லமாட்டார்.

எனக்கு அடுத்த கமரா நாள் வந்தது. வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரியின் நீள வாங்கில் இருந்தேன். தர்சினி வந்து ஒரு இடம் தள்ளி இருந்தாள். நான் அறிவிக்கவில்லை, கணவர் சொல்லியிருக்க வேண்டும். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. நெடுநேரம் இருவரும் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கேட்டாள்:

"அந்தக் கிருமி எனக்கு எப்பிடி வந்தது?"

சின்ன வயதில், வீட்டில் இருக்கிறவர்களிடமிருந்துதான் அனேகமாக வரும் என்று மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். அம்மா சோற்றைத் தன் வாயில் மென்று குழைத்து அவளுக்குத் தீத்துவா என்பதையும் சொன்னேன்.

"அப்ப அது உங்கடைதான்," என்றாள். "அது ஒண்டுதான் உங்களிட்டையிருந்து எனக்கு வந்தது. அதையும் குளிசை தந்து கொன்றுபோட்டியள்."

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தாதி என் பெயரைக் கூப்பிட்டா. நான் எழும்பும்போது கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

என் உட்தோலில் புதிதாக மாற்றம் இல்லை என்றார்கள். அடுத்த வருடம் மறுபடியும் பார்க்க வேண்டும். இதே வரிசையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். குடும்பத்தில் ஒருவருக்கு இது வந்திருந்தால் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்தால் குளிசைகளை முடித்துவிடுங்கள். குடும்பம் என்றால் யார் யார் என்று மருத்துவர் கேட்கும்போது, பதில் சொல்ல முன்னம் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்பு பசிக்கும்போது மட்டும்தான் எனக்கு வயிற்றின் நினைவு வரும். இப்போது வகுப்பில் கணக்குப் படிப்பிக்கும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும், அப்பாவின் எதையோ உள்ளே தாங்கிக்கொண்டு நடப்பதுபோல இருக்கிறது. ஒவ்வொரு வாயையும் மெதுவாக விழுங்குகிறேன். என் வருடம் கமரா வெளியே வந்த நாளில் தொடங்கி, மறுபடி வாயைத் திறக்கும் நாளில் முடிகிறது. அதற்குள் தை, சித்திரை எல்லாம் வந்து போகின்றன.

தர்சினி இப்போது மாதத்தில் ஒரு தடவையாவது வருகிறாள். பிள்ளை பற்றி அவள் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை. முன்பெல்லாம் நேரே குசினிக்குள் வந்து சட்டியைத் திறந்து பார்ப்பாள். இப்போது படலையில் நின்று "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு, நான் வந்து திறக்கும்வரை நிற்கிறாள்.