மழைக் கேள்விக்குப் பூஜ்யம்

ஏற்காட்டு மலையில், கொட்டச்சேட்டுப் பள்ளிக்கூடச் சுவரில் ‘டாக்டர் பழனியம்மாள்’ என்று ஒரு பலகை தொங்குகிறது. அங்கே பாடம் நடத்தும் அவள் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆறு வருஷம் நாயாய் அலைந்து வாங்கிய பட்டம் ஐயா அது!

அந்த மலையில் பிறந்து எம்.எட். முடித்த முதல் பெண் அவள். பள்ளிப் பிள்ளைகளின் மனத்தை ஆராய்ந்து டாக்டர் ஆக வேண்டும் என்று எண்பத்திரண்டில் ஆசை பிடித்தது. ஆசைப்பட்டால் போதுமா? பல்கலைக்கழகம் கேட்டது கொஞ்சநஞ்சமா? தகுதித் தேர்வு, முந்நூறு பிள்ளைகளுக்குப் புத்திச் சோதனை, அச்சில் வந்த இரண்டு கட்டுரைகள், ஐந்து பிரதி ஆய்வேடு, கடைசியில் வாய்மொழித் தேர்வு. சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி, அடிவாரம் வரும்வரை குமட்டலை அடக்கிக்கொண்டு, சேலத்தில் வழிகாட்டிப் பேராசிரியர் வேலுசாமியின் வாசலில் போய் நிற்பாள்.

அந்த முந்நூறில் ஒருத்தி அண்ணன் வெள்ளையனின் மகள் காளியாயி. எட்டு வயது.

“மழை வந்தா என்ன பண்ணுவ, கண்ணு?”

“எந்த மாசத்து மழைங்க அத்தே?” என்றாள் குட்டி. “மாசி மழைன்னா காப்பி பூக்கும், சந்தோசமா இருப்போம். கார்த்திகை மழைன்னா பழம் உதிர்ந்துபோயிரும், கூடையத் தூக்கிட்டு ஓடோணும்.”

பழனியம்மாளுக்கு அவளை வாரி அணைத்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் விடைப் பட்டியலில் இருந்தது ‘குடை பிடிப்பேன்’ அல்லது ‘ஒதுங்கி நிற்பேன்’. மற்ற கேள்விகளும் இதே லட்சணம்தான். ரயிலையே பார்க்காத பிள்ளையிடம் ரயில் படத்தைக் காட்டி, இதில் என்ன குறை என்று கேட்டால்?

பேராசிரியரிடம் சொல்லிப் பார்த்தாள்.

“பதில் நல்லாத்தாம்மா இருக்குது. பட்டியல்ல இல்லையே! உங்க இஷ்டத்துக்கு மார்க் போட்டா ஆய்வேடு திரும்பி வந்துரும். பட்டம் வேணுமா, வேண்டாமா?”

வேண்டும்தான். பூஜ்யம் போட்டாள். நூறு வந்தால்தான் சராசரிப் புத்தி; காளியாயிக்கு மொத்தம் அறுபத்தெட்டு வந்தது. ‘மந்தம்’ என்ற கட்டத்தில் தன் கையாலேயே அவள் பெயரை எழுதினாள்.

எண்பத்தெட்டில் பட்டம் வந்தது. மாலை போட்டார்கள். பெருமை தாங்காமல் ஒரு பிரதியை ஏற்காட்டில் ஒரு பெரிய பள்ளியின் தலைமையாசிரியர் கந்தசாமிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். யார் கேட்டார்கள்!

அந்த ஜூனில் காளியாயியை ஆறாம் வகுப்பில் சேர்க்க அதே பள்ளிக்கு அண்ணனோடு போனாள். கந்தசாமி எழுந்து வணக்கம் சொன்னார். பிறகு ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

“இங்க பாருங்க. கொட்டச்சேடு, காளியாயி, அறுபத்தெட்டு. மந்தம். நாஞ் சொல்லலீங்க, நீங்களே எழுதினதுங்க.”

“அந்தச் சோதனை எங்க மலைப் புள்ளைங்களுக்குப் பொருந்தாதுங்க.”

“அப்ப தப்பான சோதனைக்கா டாக்டர் பட்டம் குடுத்தாங்க?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் பட்டம் என்னாவது? தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டாள். பாவி, விழுங்கிவிட்டாள்!

வெள்ளையன் தங்கையை ஒரு முறை பார்த்தான். “வா சாமி, ஊட்டுக்குப் போலாம்” என்று மகளின் கையைப் பிடித்தான். மறுவாரமே காளியாயி எஸ்டேட்டில் கூலிக்குச் சேர்ந்தாள்.

மாசியில் ஒருநாள் நல்ல மழை. நனைந்துகொண்டே வந்த காளியாயி பள்ளிக்கூட வாசலில் நின்றாள்.

“ஏனுங்க அத்தே, அன்னிக்கு நான் சொன்னதுல எது தப்புங்க?”

டாக்டர் பழனியம்மாள் குடையை விரித்து அவளிடம் நீட்டினாள். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.