போன் எடுக்காத மூன்று நாள்

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் ரீபாவுக்கு நாற்பத்தாறு வயது. பதினோரு வருஷமாக அவள் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. அப்பா இஸ்ரவேலுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனதிலிருந்து, காலையில் அவரைத் துடைத்து, கஞ்சி ஊட்டி, பக்கத்து வீட்டு சாலோமியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடுவாள். சாயங்காலம் மணி நாலேகாலுக்கெல்லாம் திரும்பி ஓடி வருவாள். கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது. "அப்பாவையும் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன்" என்று சொன்னதும், இரண்டு வீட்டாரும் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

முதுகில் பையை மாட்டிக்கொண்டு தனியாக ஊர் சுற்றும் பெண்களின் வீடியோக்கள் அவளுக்குப் பிடிக்கும். அப்பாவுக்கு ஊட்டும்போது போனைத் தலையணையில் சாய்த்து வைப்பாள்; இருவருமாகப் பார்ப்பார்கள். ஒருநாள் வீடியோவில் சுனௌலி என்ற எல்லை ஊர் வந்தது. கல்யாண மண்டப வாசல் போல ஒரு வளைவு, அதன் வழியாக ஜனங்கள் சந்தைக்குப் போவது போலப் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

"அப்பா, அங்கன பாரேன். இந்தப் பக்கம் நம்ம நாடு, அந்தப் பக்கம் நேபாளம். நடந்தே போயிரலாமாம். வோட்டர் கார்டு போதுமாம்."

இஸ்ரவேலுக்கு நாக்கு குழறும். அவர் பேசுவது ரீபாவுக்கு மட்டும்தான் விளங்கும். "நீ போ" என்றார். அவள் சிரித்துவிட்டு அடுத்த கரண்டியை நீட்டினாள்.

அதை அவள் விளையாட்டாகத் தம்பி கிங்ஸ்டனிடம் சொல்லப்போக, அவன் மனைவி டார்லின் விடவில்லை. கோயம்புத்தூரிலிருந்து மே மாத லீவுக்குப் பிள்ளைகளோடு வந்து இறங்கியவள், "இருபது நாள் மாமாவ நாங்க பாக்கோம். போயிட்டு வாங்க மைனி. இப்ப போகலேன்னா எப்ப போகப் போறீங்க?" என்றாள்.

கிளம்பும் அன்று அப்பா அவளுடைய பை வாரை இடது கையால் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். முதல் தடவையாக அவளுக்கே விளங்கவில்லை. வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். "வந்து கேக்கேன்ப்பா, ட்ரெயின் போயிரும்" என்று விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

கோரக்பூர் போய்ச் சேர மூன்று நாளாயிற்று. இந்தி தெரியாது. கழிப்பறைக்குப் போனால்கூடப் பையையும் தூக்கிக்கொண்டு போனாள். அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி. தூசியும் லாரிப் புகையுமாக இருந்த அந்த வளைவுக்குள் நுழையும்போது யாராவது நிறுத்துவார்கள் என்று கார்டைக் கையிலேயே வைத்திருந்தாள். யாரும் நிறுத்தவில்லை. நூறு அடி நடந்ததும் கடைப் பலகைகளில் ஊர்ப்பெயர்கள் மாறியிருந்தன. வேற நாடு! ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புதிய சிம் வாங்கியதும் முதல் வேலையாக வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டாள். திரையில் அவருடைய மூக்கும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்தன.

போக்ரா போகும் மலைப்பாதையில் மூன்று தடவை வாந்தி எடுத்தாள். போய்ச் சேர்ந்த இடத்தில், எட்டுப் பேர் படுக்கும் அறையில் மேல்கட்டில்தான் கிடைத்தது. வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் ஏணியில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தாள். தன் வயதில் பாதிகூட இல்லாத கண்ணூர்ப் பிள்ளை ஒருத்தி உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தபோது, ரீபாவுக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு யாரும் டம்ளரை வாயருகே கொண்டுவந்து எத்தனையோ வருஷமாயிற்று.

உடம்பு தேறியதும் அந்தப் பிள்ளை சொன்ன ஒரு மலைக் கிராமத்துக்கு ஜீப்பில் புறப்பட்டாள். ஜீப்பை விட்டு இறங்கி இரண்டு மணி நேரம் ஏற வேண்டும். "மூணு நாளைக்கு போன் எடுக்காதாம் தம்பி. பயப்படாத" என்று கிங்ஸ்டனிடம் சொன்னாள். "சரிக்கா, பைய போயிட்டு வா. அப்பா நல்லாத்தான் இருக்காங்க" என்றான்.

மேலே அவள் தங்கிய வீட்டுக்காரி அவளைவிட மூத்தவள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. மேகமாகவே கிடந்த மலை, வியாழக்கிழமை காலை மழை விட்டதும் திறந்துகொண்டது. வீட்டுக்காரி ஓடிவந்து கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப் போனாள். வானத்தின் பாதி உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று பனிமலை நின்றது. ரீபா "எம்மா!" என்று கத்தினாள். அவள் கத்தியதைப் பார்த்து வீட்டுக்காரி சிரிக்க, இவளும் சிரிக்க, வயிறு வலிக்கும் வரை இரண்டு பேரும் சிரித்தார்கள். இவ்வளவு சத்தமாகச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை முற்பகல் கீழே இறங்கினாள். ஜீப் நிற்கும் இடத்தை நெருங்கும்போது போன் அதிரத் தொடங்கியது. அது நிற்கவே இல்லை. மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

'அக்கா, அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. கூப்பிடு.'

'ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். எங்கன இருக்க?'

'அப்பா போயிட்டாங்கக்கா.'

'சர்ச் ஐயர் நாளைக்குச் சாயங்காலத்துக்கு மேல வைக்க வேண்டாங்காரு.'

'அக்கா.'

கடைசியில் ஒரு படம். ஈர மண் குவியல், அதன்மேல் மாலைகள், தலைமாட்டில் மரச் சிலுவை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

ரோட்டோரம் பையைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். கிங்ஸ்டனைக் கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே அவன், "முப்பத்துநாலு மணி நேரம் வச்சிருந்தேங்க்கா. ஐஸ் பொட்டிக்குள்ள வச்சிருந்தேன். எத்தன தடவ அடிச்சேன் தெரியுமா?" என்று உடைந்துபோனான். "நான் இப்பமே பிளேன்ல வந்திருதேன்" என்றாள். "வந்து?" என்று கேட்டான். கோபத்தில் கேட்கவில்லை. அவனுக்கும் உண்மையாகவே தெரியவில்லை.

போன வழியிலேயே திரும்பினாள். அதே மலைப்பாதை, அதே வளைவு, மூன்று நாள் ரயில். பெட்டியில் இருந்த யாருக்கும் இவள் அப்பா செத்தவள் என்று தெரியாது. எதிர் சீட்டுக் குடும்பம் பூரி கொடுத்தது, வாங்கித் தின்றாள். பையைப் பார்த்து, "டூர் போயிட்டு வர்றீங்களா?" என்று சென்னைக்காரப் பெண் ஒருத்தி கேட்டபோது, "ஆமா" என்றாள்.

வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் சும்மா போகவில்லை. "பதினோரு வருஷம் பாத்தா. மண்ணு போடத்தான் குடுத்து வைக்கல" என்று ஒருத்தி அவள் காதுபடவே சொன்னாள். ரீபா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். அவளைக் குடைந்தது வேறு. அப்பா போனது வியாழக்கிழமை காலை ஆறேமுக்கால். அந்த நேரம் தான் எங்கே நின்றோம், என்ன செய்தோம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

டார்லின் ஊருக்குப் புறப்படும் அன்று அடுப்படியில் வைத்துக் கேட்டாள். "உண்மையச் சொல்லு டார்லி. என்னையத் தேடுனாங்களா?"

டார்லின் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு குழாயை மூடினாள்.

"தேடுனாங்க மைனி. ரீபா, ரீபான்னு. அது மட்டும் எனக்கே விளங்குச்சு. எனக்கு என்ன செய்யன்னு தெரியல. கையப் புடிச்சி, 'இங்கனதான் இருக்கேன்ப்பா'ன்னேன். என்னைய நீங்கன்னு நெனச்சிட்டாங்க. அப்புறம் கேக்கல." அவள் திரும்பி ரீபாவைப் பார்த்தாள். "நான் செஞ்சது தப்பா?"

"இல்லட்டி" என்றாள் ரீபா. அவளுடைய ஈரக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, ஊர் வந்த பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. அப்பாவின் கட்டிலைச் சபையின் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்தாள். ரேஷன் கார்டில் அப்பா பெயரை எடுக்க ஒருநாள் அரைநாள் லீவு போட்டு இ-சேவை மையத்துக்குப் போனாள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பீர் முகம்மது இறப்புச் சான்றிதழை வாங்கித் தட்டிக்கொண்டே கேட்டார்.

"குடும்பத் தலைவர் பேர மாத்தணும்க்கா. யாரப் போட?"

"ரீபா."

"உறுப்பினர் எத்தன பேரு?"

"ஒரு ஆளு."

அவர் தலையை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒன்று என்று அடித்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ரீபா வெளியே வந்தாள். மணி மூன்றரைதான். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாள்.